காவல்துறை எழுதிய கடிதத்தை வைத்து வீட்டுத் திட்டத்தை நிறுத்த முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தின் ஓரத்தில் குடியிருக்கிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயலில் 86 வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் பிளானிங் விண்ணப்பம், அதாவது கட்டுவதற்குக் கவுன்சிலின் அனுமதி கேட்கும் விண்ணப்பம், போட்டிருக்கிறது. கவுன்சிலின் இணையதளத்தில் மற்ற ஆவணங்களோடு காவல்துறையின் நான்கு பக்கக் கடிதமும் இருக்கிறது. நடைபாதை சரியில்லை, பின்வேலி போதாது, கார் நிறுத்தும் இடம் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது என்று வரிசையாகக் குறைகள். இதைக் காட்டித் திட்டத்தை நிறுத்த முடியுமா, முடியாவிட்டால் தங்கை அங்கே வீடு வாங்கலாமா என்பது கேள்வி.

நிறுத்துவது மிகவும் கடினம். திருத்த வைக்க முடியும், அதற்கு உங்கள் கையில் இருப்பதிலேயே பலமான தாள் அந்தக் கடிதம்தான். ஒரு கவுன்சிலின் பிளானிங் பிரிவில் பல வருடம் இப்படிப்பட்ட வரைபடங்களைப் பார்த்தவன் என்பதால், அந்தக் கடிதத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதை எழுதியவர் திருட்டு வழக்கு விசாரிக்கும் அதிகாரி இல்லை. 'டிசைனிங் அவுட் கிரைம் ஆபிசர்' என்று ஒரு பதவி இருக்கிறது. வரைபடத்தைப் படித்து, இந்த அமைப்பில் திருடன் எங்கே நுழைவான், பொழுது சாய்ந்தபின் எந்த இடத்தில் தனியாக நடக்க ஒரு பெண் தயங்குவாள் என்று முன்கூட்டியே சொல்வது அவர் வேலை. 1989இல் காவல்துறை தொடங்கிய 'செக்யூர்ட் பை டிசைன்' என்ற திட்டத்தின் வழிகாட்டிகளை வைத்துத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். கடிதத்தில் 1.8 மீட்டர், 2 மீட்டர் என்று வரும் அளவுகள் அங்கிருந்து வந்தவை.

சட்டத்தில் அந்தக் கடிதத்துக்கு என்ன இடம்? 1998ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கீனச் சட்டத்தில் 17ஆவது பிரிவு, கவுன்சில் தன் எந்த வேலையைச் செய்தாலும் அதனால் குற்றம் கூடுமா என்று யோசித்து, தடுக்க நியாயமாக முடிந்ததைச் செய்ய வேண்டும் என்கிறது. பிளானிங் முடிவுக்கும் அது பொருந்தும். ஆனால் வீட்டு விண்ணப்பங்களில் கட்டாயம் கருத்துக் கேட்க வேண்டிய அமைப்புகளின் பட்டியலில் காவல்துறை இல்லை. கவுன்சில்கள் வழக்கமாகக் கேட்கின்றன, அவ்வளவுதான். அவர்கள் சொல்வது ஆலோசனை. அதை மற்றவற்றோடு வைத்து எடைபோட்டு முடிவெடுப்பவர் உங்கள் விண்ணப்பத்தைக் கையாளும் பிளானிங் ஆபிசர், அவருக்கு மேலே கவுன்சிலர்களின் கமிட்டி. வீட்டுத் தட்டுப்பாடு இருக்கும் ஊரில் 86 வீடுகள் ஒரு தட்டில் இருக்கும்போது, வேலி உயரம் இன்னொரு தட்டைக் கீழே இறக்காது. கடிதத்தின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். 'கொள்கை அளவில் ஆட்சேபம் இல்லை, ஆனால் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்' என்ற மாதிரி இருந்தால், காவல்துறையே இதை நிறுத்தச் சொல்லவில்லை என்று பொருள்.

அப்படியானால் எதற்காக அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்? கதவும் ஜன்னலும் வேறு, லேஅவுட் வேறு என்பதால். 2015 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் கட்டுமான விதிகளில் 'கியூ' என்ற பகுதி சேர்ந்தது. புது வீடுகளின் வெளிக்கதவும், கைக்கு எட்டும் ஜன்னல்களும் உடைக்கும் முயற்சியைத் தாங்குகின்றனவா என்று சோதிக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். 'பாஸ் 24' என்று கடிதத்தில் பார்த்திருப்பீர்கள், அந்தச் சோதனைதான். இதை நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பில்டர் செய்தாக வேண்டும். நாளைக்குப் பூட்டு சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

லேஅவுட் அப்படி இல்லை. எந்த வீடு எந்தப் பக்கம் பார்க்கிறது, பாதை எங்கே ஓடுகிறது, யாருடைய கொல்லை யாருடைய கொல்லையைத் தொடுகிறது என்பதைக் கட்டுமான விதிகள் கேட்பதே இல்லை. அதைத் தீர்மானிக்கும் ஒரே கட்டம் பிளானிங். இப்போது தவறவிட்டால், தெருவும் சாக்கடைக் குழாயும் போட்டபின் அந்த வீடுகள் நிற்கும் காலம் முழுக்க அதே அமைப்புதான். ஆகவே கதவு, பூட்டு, அலாரம் பற்றிய பக்கங்களைத் தள்ளிவிட்டு, லேஅவுட் பற்றிய பக்கத்தில் உட்காருங்கள்.

ஒரு மாலை நினைவுக்கு வருகிறது. நவம்பர் மாதம், நாலரை மணிக்கே இருட்டு. கட்டி முடித்து ஆறேழு வருடம் ஆன ஒரு குடியிருப்பில், இரண்டு வரிசை வீடுகளின் பின்வேலிகளுக்கு நடுவே ஓடும் ஒரு சந்துக்குக் காவல்துறை அதிகாரி என்னைக் கூட்டிப்போனார். பள்ளிக்குக் குறுக்குவழி என்று நாங்கள்தான் அதை அனுமதித்திருந்தோம். வரைபடத்தில் பச்சைக் கோடாக அழகாக இருந்தது. அங்கே நின்றால் இரண்டு பக்கமும் பலகைச் சுவர், நடுவில் இரண்டு பேர் உரசாமல் போக முடியாத அகலம், வழியில் ஒரு வளைவு. அதற்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. அதிகாரி டார்ச்சை ஒரு வேலியின் மேல் அடித்தார். பலகைகளைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்கள் சந்துப் பக்கமாக இருந்தன. மூன்று சட்டம், மூன்று படி. எல்லா வேலியிலும் பாசி படிந்திருந்தது. அந்த ஒரு வேலியின் நடுச்சட்டத்தில் மட்டும் பாசி தேய்ந்து மரம் தெரிந்தது. அந்த வீட்டில் அதற்குமுன் இரண்டு முறை திருட்டு நடந்திருந்தது என்றார். வேலியைத் திருப்பி, வழவழப்பான பக்கம் வெளியே வருமாறு அடித்திருந்தால் ஒரு பவுண்டு கூடக் கூடுதல் செலவில்லை. வரைபடத்தில் அதை எழுதச் சொல்லி நாங்கள் யாரும் கேட்கவில்லை. எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

உங்கள் கடிதத்தில் நடைபாதை பற்றி எழுதியிருப்பதை இந்தக் காட்சியோடு வைத்துப் படியுங்கள். பின்வேலிகளை ஒட்டிப் பாதை ஓடக் கூடாது, ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் நேராக, அகலமாக, விளக்கோடு, வீடுகளின் பார்வையில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொல்ல வருவது. பொது இடத்தை ஒட்டிய பின்வேலிக்கு 1.8 மீட்டருக்கு மேல் 30 செ.மீ. டிரெல்லிஸ் என்ற மெல்லிய பின்னல் சட்டகம் கேட்பதும் இதனால்தான். அது ஏறுபவனின் எடையைத் தாங்காது, முறியும்போது சத்தம் கேட்கும்.

இந்த எண்ணங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் கடிதத்தோடு வாதாடவும் முடியும். 1972இல் ஆஸ்கர் நியூமன் என்ற கட்டடக்கலைஞர், நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரே தெருவின் இரு பக்கத்திலும் இருந்த இரண்டு அரசுக் குடியிருப்புகளை ஒப்பிட்டார். பிரவுன்ஸ்வில் மூன்று முதல் ஆறு மாடி. வான் டைக் பெரும்பாலும் பதினான்கு மாடிக் கோபுரங்கள். நெருக்கமும் ஏறக்குறைய ஒன்று, மக்களும் ஒரே மாதிரியானவர்கள். குற்றம் மட்டும் கோபுரங்களில் கூடுதல். 'இது என் இடம்' என்று யாரும் உணராத பொதுக் கூடங்களும் படிக்கட்டுகளும்தான் காரணம் என்றார். வறுமையையும் நிர்வாகத்தையும் அவர் குறைத்து மதிப்பிட்டார் என்று பலர் மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் வாசலுக்கு முன்னால் இருக்கும் இடத்தை வீட்டுக்காரர் தன்னுடையதாக நினைத்தால் அதைக் கவனிப்பார் என்ற கருத்து நிலைத்துவிட்டது. முன்பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் போகாத வேலியும் சின்னத் தோட்டமும் கேட்பது அதன் தொடர்ச்சி.

பிரிட்டனுக்கே இன்னும் கசப்பான அனுபவம் உண்டு. 1929இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ராட்பர்ன் என்ற ஊரைக் கட்டியபோது, குழந்தைகளைக் காரிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் நடப்பவர்களையும் கார்களையும் பிரித்தார்கள். போருக்குப்பின் பிரிட்டனின் புது நகரங்களும் கவுன்சில் குடியிருப்புகளும் அதை எடுத்துக்கொண்டன. வீட்டின் முன்வாசல் நடைபாதையைப் பார்க்கும், கார் பின்பக்கக் கராஜ் முற்றத்தில் நிற்கும். விளைவு, வீட்டுக்கு இரண்டு பக்கமும் பொது இடம். எது முன், எது பின் என்றே தெரியாது. கொல்லைக்கதவு வரை யாரும் காரணம் சொல்லாமல் நடந்து வரலாம். 1970களில் இப்படி மாற்றிக் கட்டப்பட்ட நாட்டிங்ஹாமின் மெடோஸ் பகுதியில், பிற்காலத்தில் பெரும் செலவில் வீடுகளின் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பும் வேலை நடந்தது. முன்பக்கம் தெருவைப் பார்க்கட்டும், பின்பக்கம் இன்னொரு வீட்டின் பின்பக்கத்தைத் தொடட்டும் என்று காவல்துறை ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவதற்கு இந்த வரலாறு காரணம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கடிதத்தை அப்படியே ஏற்க வேண்டாம் என்பேன். பாதைகளே குறைவாக இருக்கட்டும், எல்லாம் முட்டுச்சந்தாக இருந்தால் நல்லது என்று சில அதிகாரிகள் எழுதுவார்கள். முட்டுச்சந்தில் அந்நியர் வந்தால் தெரிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் பஸ் நிறுத்தம் கண்ணுக்கெதிரே இருந்தும் சுற்றி ஒரு மைல் நடக்க வேண்டும் என்றால் யாரும் நடக்க மாட்டார்கள், தெருவில் ஆளே இருக்காது. ஆள் நடமாட்டம் இல்லாத தெரு பாதுகாப்பான தெருவும் இல்லை. போக்குவரத்துத் துறை 2007இல் கொண்டுவந்த தெரு வடிவமைப்புக் கையேடு, தெருக்கள் ஒன்றோடொன்று இணைய வேண்டும் என்றே சொல்கிறது. இந்தச் சண்டை பல வருடமாக நடக்கிறது. என் அனுபவத்தில் பாதை எத்தனை என்பது பெரிய விஷயமில்லை, அந்தப் பாதையைப் பார்ப்பது வாசல்களா வேலிகளா என்பதுதான் விஷயம். சமையலறை ஜன்னலும் முன்வாசலும் பார்க்கும் பாதையைத் தடுக்காதீர்கள். ரொம்ப மோசமானது, முட்டுச்சந்தின் கோடியிலிருந்து வேலிகளுக்கு நடுவே கசிந்து வெளியேறும் ஒற்றையடிப் பாதை. முட்டுச்சந்தின் பாதுகாப்பும் கிடைக்காது, தெருவின் நடமாட்டமும் கிடைக்காது.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். இன்றைக்கு உங்கள் பின்வேலிக்கு அப்பால் திறந்த வயல். யார் வந்து நின்றாலும் பார்க்க ஆளில்லை. புது வீடுகளின் கொல்லைகள் உங்கள் கொல்லையோடு முதுகு ஒட்டி வந்தால், உங்கள் பின்பக்கம் இன்று இருப்பதைவிடப் பத்திரமாகும். ஆனால் லேஅவுட்டைப் பெரிதாக்கி, உங்கள் வேலிக்கும் புது வேலிக்கும் நடுவே இரண்டு மூன்று மீட்டர் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய புதர்வேலியைக் காப்பாற்றவோ மழைநீர்க் கால்வாய்க்கோ இப்படி ஒரு பட்டையை விடுவது சகஜம். அது யாருக்கும் சொந்தமில்லாத சந்தாகிவிடும். குப்பை சேரும், புதர் மண்டும், அதற்குள் நிற்பவனை உங்கள் ஜன்னலும் பார்க்காது, அவர்கள் ஜன்னலும் பார்க்காது. அப்படி ஒன்று இருந்தால் நீங்கள் எழுதும் கடிதத்தின் முதல் பத்தி அதுதான். இரண்டு முனையிலும் பூட்டும் கேட் வேண்டும், சாவியும் பராமரிப்பும் யார் பொறுப்பு என்று நிபந்தனையில் எழுத வேண்டும் என்று கேளுங்கள். முள்ளெலிகள் போய்வர வேலியின் அடியில் 13 செ.மீ. சதுர ஓட்டை விடச் சொல்லிச் சூழலியல் அறிக்கையில் இருக்கலாம். அது எந்தத் திருடனுக்கும் உதவாது, அதை எதிர்க்காதீர்கள்.

கார் நிறுத்தும் முற்றம் பற்றிக் காவல்துறை சொல்வதில் நான் முழுக்க அவர்கள் பக்கம். வீடுகளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு கார்களுக்கு ஒரு முற்றம் விட்டால், முன்பக்கத் தெரு வரைபடத்தில் சுத்தமாகத் தெரியும். வாழ்க்கையில், கையில் பையும் தூங்கும் குழந்தையுமாக இரவு வந்து இறங்குபவர் அந்த இருட்டு முற்றத்துக்குப் போக மாட்டார். தெருவோர நடைபாதை மேல் ஏற்றித் தெருவிலேயே நிறுத்துவார். முற்றம் காலியாகும், காலியான முற்றம் வேறு ஆட்களுக்குப் பயன்படும். அதோடு, முற்றத்துக்கு வழிவிட வேண்டியிருப்பதால் கொல்லை வேலிகள் எல்லாம் பொது இடத்தை ஒட்டி வந்துவிடுகின்றன.

பக்கச்சுவரையும் கவனியுங்கள். தெருமுனை வீட்டின் பக்கச்சுவரில் ஜன்னல் இருப்பதாகக் காட்டியிருந்தால், அது எந்த அறை என்று பாருங்கள். குளியலறையும் படிக்கட்டும் கணக்கில் வராது, அங்கே நின்று யாரும் வெளியே பார்ப்பதில்லை. சமையலறையோ வரவேற்பறையோ வேண்டும். ஜன்னலே இல்லாத சுவர் என்றால் பந்தடிக்கும் இடமாகி, அந்த வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் தினமும் தகராறு. சுவரோரம் ஒரு மீட்டர் முட்செடிப் பட்டை கேட்கலாம்.

விளக்கில் ஒரு சிக்கல் உண்டு. இடுப்பளவு கம்ப விளக்கு நடைபாதையில் அழகாக இருக்கும், ஆனால் எதிரே வருபவரின் முகம் தெரியாது. அதனால் காவல்துறை அதை ஏற்பதில்லை. உயரமான விளக்குப் போட்டால் வௌவால்கள் பாதிக்கப்படும் என்று சூழலியல் அதிகாரி சொல்வார். இரண்டு கடிதமும் ஒரே கோப்பில் இருக்கும்போது பில்டர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். புதர்வேலி ஓரத்தை இருட்டாக விட்டு, மக்கள் நடக்கும் பாதையை வீடுகளின் முன்பக்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்; இருவரின் கவலையும் தீரும். செடி ஒரு மீட்டருக்கு மேல் வளரக் கூடாது, மரத்தின் கிளை 2 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது நடவுத் திட்டத்தில் ஒரு வரி, அதையும் கேட்கலாம்.

காவல்துறையிடமிருந்து இரண்டாவது கடிதமும் கோப்பில் இருக்கலாம். அது பணம் பற்றியது: புதிதாக வரும் மக்களுக்காக வாகனம், கருவிகள், கட்டட இடம் ஆகியவற்றுக்கு திட்டமிடல் சட்டத்தின் 106ஆவது பிரிவின் கீழ் பில்டர் பங்கு தர வேண்டும் என்ற கோரிக்கை. லெஸ்டர் அருகே 4,250 வீடுகள் கொண்ட லபர்ஸ்தோர்ப் திட்டத்தில் இந்தப் பணம் எப்போது, எப்படித் தரப்படும் என்பது 2014இல் உயர் நீதிமன்றம் வரை போனது. அனுமதியை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. ஆனால் காவல்துறையின் கவலை அற்பமானது இல்லை என்று நீதிபதி சொன்னார். உங்கள் வேலிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் கலந்து எழுதாதீர்கள்.

எழுதும்போது இன்னொன்று. 86இல் சில வீடுகள் மலிவு வாடகைக்குப் போகும் என்பதால் 'அந்த மாதிரி ஆட்கள் வந்தால் குற்றம் கூடும்' என்று உங்கள் தெருவில் யாராவது எழுதச் சொல்வார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். குற்றம் பற்றிய அச்சம் பிளானிங்கில் கருத வேண்டிய விஷயம்தான்; 1997இல் வெஸ்ட் மிட்லண்ட்ஸில் ஜாமீனில் வெளிவந்தவர்கள் தங்கும் விடுதி ஒன்றைப் பற்றிய வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. ஆனால் அங்கே ஏற்கெனவே நடந்த சம்பவங்கள் ஆதாரமாக இருந்தன. வரப்போகிறவர்கள் யார் என்ற ஊகம் ஆதாரம் ஆகாது. அதைவிட, நாமும் ஒரு காலத்தில் இந்தத் தெருக்களுக்குப் புதிதாக வந்தவர்கள்தான், நம்மைப் பற்றியும் இதே வரி எழுதப்பட்டது.

'பாதுகாப்புப் போதாது' என்று பொதுவாக எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். எந்த மனை எண், எந்த வேலி, என்ன மாற்றம் என்று எழுதுங்கள். காவல்துறைக் கடிதத்தின் தேதியையும் பத்தி எண்ணையும் குறிப்பிட்டு, 'இதற்கு விண்ணப்பதாரர் திருத்திய வரைபடம் கொடுத்தாரா?' என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பிளானிங் ஆபிசர் தன் அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டிய நிலை வரும். வேலி, விளக்கு, கேட் விவரங்கள் வீட்டில் ஆள் குடிவருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை கேளுங்கள். 'பின்னர் ஒப்புதல் பெறப்படும்' என்று மட்டும் இருந்தால், எல்லோரும் மறந்த ஒரு நாளில் அது ஒப்புதல் பெற்றுவிடும்.

இது முழு விண்ணப்பமா, அவுட்லைன் விண்ணப்பமா என்பதையும் பாருங்கள். அவுட்லைன் என்றால் கொள்கை அளவில் மட்டும் அனுமதி கேட்பது; இப்போது காட்டும் லேஅவுட் பெரும்பாலும் வெறும் மாதிரி. உண்மையான வரைபடம் ஒன்றிரண்டு வருடம் கழித்து 'ரிசர்வ்டு மேட்டர்ஸ்' என்ற பெயரில் வரும். அதற்குள் தெருவில் உற்சாகம் வடிந்திருக்கும். முதல் கட்டத்தில் இருநூறு கடிதம் வந்த திட்டத்துக்கு இரண்டாம் கட்டத்தில் மூன்று கடிதம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். வேலியும் பாதையும் முடிவானது அந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

அப்புறம் தங்கை. வாங்கலாம், ஆனால் மனையைப் பார்த்து வாங்கட்டும். நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது திருடர்களுக்கும் தெரியும்; தீபாவளி வந்தால் இங்கே பல ஊர்க் காவல்துறையினர் ஆசியக் குடும்பங்களுக்கென்றே எச்சரிக்கை விடுகிறார்கள். கொல்லை மூன்று பக்கமும் மற்ற வீடுகளின் கொல்லையைத் தொடும் மனையை எடுக்கச் சொல்லுங்கள். கொல்லை பூங்காவையோ பாதையையோ அந்தக் கார் முற்றத்தையோ தொடும் மனையை, விலை குறைவாக இருந்தாலும், விட்டுவிடலாம். வீட்டின் பக்கவாட்டில் கொல்லைக்குப் போகும் வழியில் கேட் எங்கே வருகிறது என்று கேட்கட்டும். முன்சுவருக்கு நேராக, தெருவிலிருந்து தெரியும் இடத்தில் வர வேண்டும். ஐந்தாறு மீட்டர் உள்ளே தள்ளி வைத்தால், அதன் பூட்டை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நெம்பலாம், யாருக்கும் தெரியாது. விற்பனை அலுவலகத்தில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம்; எல்லைவேலி வரைபடம் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அதையும் மனை எண்ணையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.